அனலாக் கேமராவிலிருந்து நேரலை: ஒரு கறுப்புத் திரையும் அதன் பல காரணங்களும்

ஓர் அரங்கில் நடக்கும் வகுப்புகளை இணையத்தில் நேரலையாக அனுப்பித் தர வேண்டும் என்ற வேலை என்னிடம் வந்தபோது, கையில் இருந்தவை காம்போசிட் வெளியீடு (படம் முழுவதையும் ஒரே கம்பியில் அனலாக் சிக்னலாக அனுப்புவது) மட்டுமே கொண்ட இரண்டு பழைய கேமராக்கள், அந்தச் சிக்னலைக் கணினிக்கான தரவாக மாற்றும், ஒரே தோற்றமுடைய இரண்டு யுஎஸ்பி கேப்சர் கருவிகள், லினக்ஸ் நிறுவிய ஒரு பழைய மேசைக் கணினி ஆகியவைதாம். ஒரு கேமரா மேடையை முழுதாகக் காட்ட வேண்டும். மற்றொன்று எழுதுபலகையை நெருங்கிக் காட்ட வேண்டும். பார்ப்பவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ள வேண்டும். கேமராக்கள் இரண்டும் 625 வரிகளும் நொடிக்கு 25 ஃபிரேம்களும் (தனித்தனி முழுப் படங்களும்) கொண்ட பி.ஏ.எல். என்ற அனலாக் வீடியோ முறையைச் சேர்ந்தவை. (சேர்த்து எழுதினால் குடிக்கும் பாலாகிவிடுவதால் எழுத்தெழுத்தாகவே எழுதுகிறேன்.) ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை மூன்று வாரங்களுக்கு நீண்டது. அந்த மூன்று வாரங்களிலும் எனக்கு வந்த புகார் பெரும்பாலும் ஒரே சொற்றொடராகவே இருந்தது: படம் வரவில்லை.

முதல் நாள் அந்தப் புகாரைச் சொன்னவன் நானேதான். கருவியைச் செருகியதும் கணினி அதை அடையாளம் கண்டுகொண்டது. வீடியோ சாதனம் ஒன்று பட்டியலில் தோன்றியது. ஆனால் எந்த மென்பொருளில் திறந்தாலும் திரை கறுப்பாகவே இருந்தது. இத்தகைய கருவிகளில் வெளிக்கூடு ஒன்றாக இருந்தாலும் உள்ளே எஸ்டிகே1160, ஈஎம்2860, யுடிவி007 என வெவ்வேறு சிப்கள் இருக்கக்கூடும் என்பது தெரிந்திருந்ததால், முதலில் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரைத்தான் சந்தேகித்தேன். யுஎஸ்பி அடையாள எண்ணைப் பார்த்தபோது சிப்பும் டிரைவரும் சரியாகவே பொருந்தியிருந்தன. கருவியில் காம்போசிட், எஸ்-வீடியோ என்று இரண்டு உள்ளீடுகள் இருப்பதையும், தொடக்கத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் நான் வெற்று உள்ளீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் லினக்ஸில் வீடியோ சாதனங்களைக் கையாளும் வி4எல்2 கட்டளைக் கருவியில் உள்ளீடுகளின் பட்டியலைக் கேட்ட பிறகே உணர்ந்தேன். உள்ளீட்டை மாற்றியதும் படம் வந்தது.

வந்த படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. அது மேல்நோக்கி உருண்டுகொண்டும் இருந்தது. இதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கேமரா பி.ஏ.எல். முறையில் அனுப்ப, டிரைவர் என்.டி.எஸ்.சி. என்ற மற்றொரு அனலாக் முறையை எதிர்பார்த்து நின்றது. முன்னதில் நிறத்தைச் சுமக்கும் துணை அலை ஏறத்தாழ 4.43 மெகாஹெர்ட்ஸ், பின்னதில் ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸ், ஒன்றைத் தேடும் சுற்றுக்கு மற்றொன்று அகப்படாது என்பதால் நிறம் போய்விடுகிறது. வரிகளின் எண்ணிக்கையும் 625, 525 என வேறுபடுவதால் படம் நிலைகொள்வதில்லை. முறையைக் கட்டளையால் மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் கருவியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதால், உள்ளீட்டுத் தேர்வையும் முறைத் தேர்வையும் நேரலையைத் தொடங்கும் சிறு நிரலின் முதலிரு வரிகளாகவே எழுதிவைத்தேன்.

அடுத்து வந்த கோளாறில் என் சொந்தப் பிழைக்குப் பெரிய பங்கு உண்டு. மேடைக் கேமராவின் படத்தை அரங்கிலிருந்த ஒரு பழைய மானிட்டரிலும் காட்ட வேண்டியிருந்ததால், கேபிளில் ஒரு 'டி' இணைப்பைப் போட்டு இரண்டாகப் பிரித்திருந்தேன். படம் இரண்டு இடங்களிலும் வந்தது, ஆனால் மங்கலாக. நான் நேரலை மென்பொருளில் பிரகாசத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டி, இருண்ட பகுதிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுந்ததைப் பார்த்து, அதற்கு ஒரு வடிகட்டியைச் சேர்த்து, அந்த வடிகட்டி புராசசரைத் தின்னத் தொடங்கியதும் படத்தின் அளவைக் குறைத்து, இப்படியே இரண்டு நாட்களை வீணாக்கினேன். காம்போசிட் சிக்னல் 75 ஓம் மின்தடையில் முடியும்போது ஒத்திசைவுப் பகுதியும் படப் பகுதியும் சேர்ந்து உச்சத்திலிருந்து உச்சம் வரை 1 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். மானிட்டரில் ஒரு 75 ஓம், கேப்சர் கருவியில் ஒரு 75 ஓம் என இரண்டும் இணையாகச் சேர்ந்தால் சுமை 37.5 ஓமாகிவிடும், கேமராவின் வெளியீட்டுத் தடையும் 75 ஓம் என்பதால், கிடைக்க வேண்டிய அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மானிட்டரின் பின்புறத்தில் முடிவுத் தடையை நீக்குவதற்கென்றே ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளியதும் படம் தெளிந்தது. நான் சேர்த்திருந்த வடிகட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

அதன் பிறகுதான் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். கேமராவை நேரடியாக மானிட்டரில் பார்ப்பது. பிறகு கேப்சர் கருவி தரும் மூலப் படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் பத்து நொடிகள் கோப்பாகச் சேமித்துப் பார்ப்பது. பிறகு என்கோடு செய்த, அதாவது சுருக்கிய, கோப்பை அதே கணினியில் பார்ப்பது. கடைசியில் அதை வேறொரு கருவியில், வலையமைப்பு வழியாகப் பார்ப்பது. இந்த நான்கு இடங்களில் எந்த இடத்தில் படம் முதன்முதலாகக் கெடுகிறதோ, அதற்கு முந்தைய கண்ணிகளை விட்டுவிடலாம். எளிய முறைதான், ஆனாலும் அவசரத்தில் இதை மீறிய ஒவ்வொரு முறையும் நேரம் விரயமானது.

இரண்டாவது கேமராவைச் சேர்த்தபோது அந்த மீறல் உடனே நடந்தது. முதல் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதைத் தொடங்கினால், வீடியோவை எடுத்துச் சுருக்கி அனுப்பும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள், ‘சாதனத்தில் இடமில்லை’ என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிட்டது. அந்தச் செய்தியை நான் வன்தட்டு நிரம்பிவிட்டதாகவே புரிந்துகொண்டேன். பழைய சோதனைக் கோப்புகளை அழித்தேன். தற்காலிகக் கோப்புறையைக் காலி செய்தேன். பாதிக்கு மேல் காலியாக இருந்த தட்டில் இடம் போதவில்லை என்று ஏன் சொல்கிறது என்று வியந்துகொண்டும் இருந்தேன். இங்கே இடம் என்பது யுஎஸ்பி தடத்தில் உள்ள இடம். அந்தப் பிழைக்கான எண், தட்டு நிரம்பும்போது வரும் அதே எண்தான் என்பதால் செய்தியும் அதே செய்தியாக வருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும். 720க்கு 576 அளவுள்ள படத்தில் புள்ளி ஒன்றுக்கு 2 பைட், நொடிக்கு 25 ஃபிரேம் என்று பெருக்கினால் நொடிக்கு 2,07,36,000 பைட் வருகிறது. வீடியோ காலந்தவறாமல் வந்து சேர வேண்டும் என்பதால், இந்தக் கருவிகள் படத்தை அனுப்பத் தொடங்கும் முன்பே தமக்குரிய பங்கைத் தடத்தில் ஒதுக்கிவைத்துக்கொள்கின்றன. யுஎஸ்பி 2.0 நொடியை 8,000 மைக்ரோஃபிரேம்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் 7,500 பைட் அளவுக்கு நேரம் உண்டு. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 6,000 பைட்டுக்கு மேல், இப்படி முன்பதிவு செய்ய விதி அனுமதிப்பதில்லை. ஒரு கருவி கேட்கக்கூடிய உச்ச அளவு மைக்ரோஃபிரேம் ஒன்றுக்கு 3,072 பைட். என் கருவி முழு அளவுப் படத்துக்கு அந்த உச்சத்தையே கேட்டது. இரண்டு கருவிகள் என்றால் 6,144. எல்லையைத் தாண்டியது வெறும் 144 பைட்டுதான் என்றாலும், முன்பதிவில் கொஞ்சம் கூடுதல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதற்குத் தீர்வாகப் படத்தின் அளவைக் குறைத்து, சிறிய பங்கைக் கேட்கவைக்கலாம்; எழுதுபலகையில் உள்ள எழுத்துகள் படிக்கத் தெரிய வேண்டும் என்பதால் நான் அதை விரும்பவில்லை. இரண்டாவது வழி, கருவிகளை வெவ்வேறு யுஎஸ்பி கன்ட்ரோலர்களில் (ஒவ்வொன்றும் ஒரு தனித் தடத்தை நடத்துவது) மாட்டுவது. வேறு துளையில் மாட்டினால் வேறு கன்ட்ரோலர் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் துளைகள் பெரும்பாலும் ஒரே தடத்தின் கிளைகளாகவே இருக்கும், ஹப் ஒன்றைச் சேர்ப்பதும் அதே தடத்தை மேலும் பங்கிடுவதாகவே முடியும். யுஎஸ்பி சாதனங்களை மரவடிவில் காட்டும் கட்டளையைக் கொண்டு பார்த்ததில், என் கணினியின் முன்பக்கத் துளைகள் ஒரு கன்ட்ரோலரிலும் பின்பக்கத்தில் மேல்வரிசைத் துளைகள் மற்றொன்றிலும் இருந்தன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாட்டியதும் இரண்டும் ஓடின. அப்படி இரண்டு இல்லாத கணினியாக இருந்திருந்தால், தனியாக ஒரு யுஎஸ்பி விரிவாக்க அட்டையைச் செருக வேண்டியிருந்திருக்கும்.

கூடவே இன்னொரு சிறு தொல்லையும் இருந்தது. கணினியை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் எந்தக் கருவி பூஜ்யம், எந்தக் கருவி ஒன்று என்பது மாறிக்கொண்டே இருந்தது. கருவிகளுக்குத் தனித்த வரிசை எண் எதுவும் இல்லாததால், அவை மாட்டப்பட்டிருக்கும் துளையின் பாதையை வைத்தே பெயரிட்டு நிலைநிறுத்தினேன். இதனால் ஒரு துளைக்கு ஒரு கேமரா என்பது உறுதியாயிற்று. கேபிள்களில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டிய கடமையும் கூடவே வந்து சேர்ந்தது.

பேசுபவர் கையை அசைக்கும்போது விரல்களின் விளிம்பில் சீப்புப் பற்கள்போலக் கோடுகள் தெரிவதை அனலாக் வீடியோவைக் கையாண்ட எவரும் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என 50இல் ஒரு பங்கு நொடி இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. அசையும் பொருள் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். இதை நீக்க எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப் என்ற வடிகட்டி உண்டு என்பது தெரிந்திருந்தும் எனக்குப் பற்களுக்குப் பதிலாக இரட்டை நிழல்கள் கிடைத்தன. வடிகட்டிகளின் வரிசையில், 576 வரிகளை 480ஆகச் சுருக்கும் வேலையை முதலிலும், யாடிஃபை அதற்குப் பின்னும் வைத்திருந்தேன். உயரத்தைச் சுருக்கும்போதே இரண்டு ஃபீல்டுகளின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கலந்த பிறகு அவற்றைப் பிரிக்க எந்த வடிகட்டியாலும் முடியாது. வரிசையை மாற்றினேன், நிழல்கள் போயின. ஃபீல்டு ஒன்றுக்கு ஒரு ஃபிரேமாக நொடிக்கு 50 தரும் முறை அசைவை மிக இயல்பாகக் காட்டும் என்றாலும், பலகையில் எழுதுவதைக் காட்டும் கேமராவுக்கு அது வீண் சுமை; எனவே 25உடன் நிறுத்திக்கொண்டேன்.

அதன் பின்னர் நடந்த முதல் பொதுச் சோதனையில் பத்துப் பேர் பார்த்தார்கள். ஆறு பேருக்குப் படமும் ஒலியும் வந்தன. நான்கு பேருக்கு ஒலி மட்டுமே வந்தது, திரை கறுப்பு. என் கணினியிலோ எந்தக் குறையும் தெரியவில்லை. ஒலி தடையின்றிப் போகிறது என்றால் வலையமைப்பும் சர்வரும் சரியாகவே இருக்கின்றன என்று அன்று தோன்றியிருக்க வேண்டும்; ஆனால் நான் பிட் வீதத்தைக் குறைத்தேன், சர்வரை மறுதொடக்கம் செய்தேன், பார்ப்பவர்களிடம் உலாவியைப் புதுப்பிக்கச் சொன்னேன். அந்த நான்கு பேரும் பொறுமையுடன் எல்லாவற்றையும் செய்துபார்த்தது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

காரணம் நிறத்தின் மாதிரி எடுப்பில் இருந்தது. கேப்சர் கருவி தரும் படம் 4:2:2 வகையைச் சேர்ந்தது. கிடைமட்டத்தில் இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல், செங்குத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிறத் தகவல். எச்.264 முறையில் வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடருக்கு எந்த நிறவடிவம் வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், எஃப்எஃப்எம்பெக் வந்த தரத்தைக் குறைக்க விரும்பாமல் 4:2:2ஆகவே அதனிடம் கொடுத்துவிடுகிறது; விளைவாக எச்.264இல் ஹை 4:2:2 என்ற தொழில்முறைப் பயன்பாட்டுக்கான வகை உருவாகிறது. கைப்பேசிகளிலும் பல வீட்டுக் கருவிகளிலும் உள்ள டிகோடர் (சுருக்கியதை விரிக்கும்) சிப்கள் பெரும்பாலும் 4:2:0ஐ மட்டுமே அறிந்தவை. என் கணினியில் இருந்த பிளேயர் மென்பொருளாலேயே டிகோடு செய்ததால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். வெளியீட்டின் பிக்சல் வடிவத்தை 4:2:0 என்று கட்டளையில் வெளிப்படையாக எழுதிய ஒரே ஒரு சொல்லால் நான்கு பேருக்கும் படம் வந்தது. இந்த மாற்றமும் யாடிஃபுக்குப் பின்னால்தான் நிகழ வேண்டும். 4:2:0 செங்குத்திலும் நிறத்தைப் பாதியாக்குவதால், முன்னால் வைத்தால் இரண்டு ஃபீல்டுகளின் நிறங்களும் கலந்து, சிவப்பு நிறப் பொருள்களின் விளிம்பு அசைவின்போது கிழிந்து தெரியும்.

நேரலை முப்பது நொடிக்கும் மேல் தாமதமாகச் சென்றுசேர்கிறது என்ற குறையை இதோடு ஒப்பிட்டால் எளிதில் தீர்த்தேன். வீடியோவைச் சிறு துண்டுகளாக இணையத்தில் அனுப்பும் எச்எல்எஸ் முறையில் அதை நான்கு நொடித் துண்டுகளாக வெட்டச் சொல்லியிருந்தும் பத்து நொடித் துண்டுகள் வந்துகொண்டிருந்தன. கீஃபிரேம், அதாவது மற்ற ஃபிரேம்களைச் சாராமல் தனித்து நிற்கும் ஃபிரேம், உள்ள இடத்தில்தான் துண்டை வெட்ட முடியும். எக்ஸ்264 தன்னியல்பாக 250 ஃபிரேம்கள் வரை அடுத்த கீஃபிரேமைத் தள்ளிப்போடக்கூடியது. நொடிக்கு 25 என்றால் அது பத்து நொடி. பிளேயர் மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கினாலே அரை நிமிடம் போய்விடும். கீஃபிரேம் இடைவெளியை 50 ஆக்கியதும் துண்டுகள் கேட்ட அளவிலேயே வந்தன.

கடைசியாக மிஞ்சியதுதான் என்னை அதிக நாட்கள் அலைக்கழித்தது. ஒலியை அரங்கின் மிக்ஸரிலிருந்து கணினியின் லைன்-இன் துளை வழியாக எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பின் தொடக்கத்தில் உதட்டசைவும் குரலும் பொருந்தியிருந்தன, முடிவில் பொருந்தவில்லை. தொடக்கத்திலேயே இருந்து இறுதிவரை மாறாமல் நிற்கும் இடைவெளி வேறு, நேரம் போகப்போக வளரும் இடைவெளி வேறு. முன்னதற்கு, படமும் ஒலியும் வெவ்வேறு கணத்தில் திறக்கப்பட்டும் இரண்டின் தொடக்கமும் சுழியமாகவே கொள்ளப்படுவது காரணம். தொடங்கியதும் கேமராவின் முன் ஒருமுறை கைதட்டி, பதிவில் கைகள் சேரும் ஃபிரேமுக்கும் ஓசைக்கும் உள்ள தொலைவை அளந்து, அந்த அளவுக்கு ஒன்றைத் தள்ளிவைத்தால் சரியாகிவிடும். பின்னதைத் தெரிந்துகொள்ள, தொடக்கத்திலும் அரை மணியிலும் ஒரு மணியிலும் கைதட்டிப் பதிவு செய்தேன். ஒரு மணி நேர முடிவில் வேறுபாடு ஏறத்தாழ அரை நொடியாக இருந்தது.

கேமராவுக்கு ஒரு கடிகாரம், ஒலி அட்டைக்கு ஒரு கடிகாரம். இரண்டுக்கும் தம்முள் எந்தத் தொடர்பும் இல்லை. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று ஒலி அட்டை சொல்வதைக் கேமராவின் கணக்கில் அளந்தால், ஒரு மணி நேரத்தில் அரை நொடி என்ற வேறுபாட்டுக்கு நொடிக்கு ஏழு மாதிரிகள்கூட முழுதாகக் கூடவோ குறையவோ வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய பிழையை கடிகாரத்தை ஓட்டும் எந்த மலிவான படிகத்திலும் குற்றமாகச் சொல்ல முடியாது. ஒலியை மறுமாதிரி செய்யும் வடிகட்டியில் அசிங்க் என்ற தேர்வை 1 என்று வைத்துப் பார்த்தேன்; இடைவெளி வளர்வது நின்றது, ஆனால் அவ்வப்போது சிறு சொடுக்கொலி கேட்டது. 1 என்ற மதிப்பில் அது மௌனத்தை நிரப்பியோ மாதிரிகளை வெட்டியோ மட்டுமே ஈடுசெய்கிறது. 1000 என்று வைத்தால், நொடிக்கு அந்த அளவு மாதிரிகள் வரை ஒலியை மெல்ல நீட்டவும் சுருக்கவும் அனுமதி கிடைக்கிறது. ஏழு மாதிரிகளுக்கு அது தாராளம். சொடுக்கொலி மறைந்தது, அடுத்த இரண்டு மணி நேர வகுப்பின் இறுதிக் கைதட்டலில் படமும் ஓசையும் ஒரு ஃபிரேமுக்குள் பொருந்தின.

மிக்ஸரின் கேபிளைச் செருகியதிலிருந்து படத்தில் மங்கலான பட்டை ஒன்று மெதுவாக மேலேறிக்கொண்டிருந்ததையும் இங்கே குறிக்க வேண்டும். மிக்ஸரும் கேமராவும் வெவ்வேறு மின்வழிகளில் தரையிணைப்புப் பெற்று, கணினி வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்துகொண்டதே அதற்குக் காரணம். மின் வழங்கலின் அதிர்வெண்ணும் ஃபீல்டு வீதமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பட்டை ஊர்ந்து செல்வதாகத் தெரிகிறது. சில இடங்களில் பரிந்துரைக்கப்படுவதுபோல மின்செருகியின் தரைக் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தான வேலை. அதை யாரும் செய்யக்கூடாது. ஒலி கேபிளின் நடுவில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டதும் பட்டை போயிற்று.

இப்போது இரண்டு நேரலைகளும் சீராக ஓடுகின்றன. 720 புள்ளிகளின் அகலத்தில் படம் முழுதாக நிரம்புவதில்லை என்பதால், இரு ஓரங்களிலும் எட்டெட்டுப் புள்ளிகளை வெட்டி, 4:3 விகிதம் சரியாக அமையும்படி 768க்கு 576 என்று விரித்து அனுப்புகிறேன். எழுதுபலகைக் கேமராவில் மட்டும் அதற்குப் பிறகும் வலது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று எஞ்சியிருக்கிறது. இன்னும் இரண்டு புள்ளிகளை வெட்டினால் அது போய்விடும். கண்காணிப்புத் திரையில் இரண்டு படங்களும் சிறிதாகத் தெரியும்போது எது எந்தக் கேமரா என்று பார்த்தவுடன் சொல்ல அது உதவுவதால் அப்படியே விட்டிருக்கிறேன்.